அணில் எண்ணப் போனவள் கையில் துப்பாக்கி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இதுவரை ஒரு கரடியைக்கூட நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மிருகக்காட்சி சாலைக்குப் போன அன்றும் அது குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டது. இப்படி எனக்கு முகமே காட்டாத ஒரு பிராணிக்குப் பயந்து, என் வாழ்க்கையில் கைக்கெட்டும் தூரத்தில் வந்த ஒரே நல்ல வேலையை நானே கெடுத்துக்கொண்டேன். இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல வழியிருக்கிறதா என்று ஏழு வருஷமாக யோசிக்கிறேன். இல்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு மூன்று வருஷமாக ராஜபாளையத்தில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் சும்மாவும் இல்லை. தெருவிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன் எடுத்தேன். அதை எங்கள் வீட்டில் யாரும் வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை.) விலங்கியல் படித்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வழிதான் உண்டு. பி.எட். படிக்க வேண்டும், ஸ்கூலுக்குப் போக வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அம்மா வாங்கிவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, பறந்துபோய்விடாமல் இருக்க அதன்மேல் ஒரு பவுடர் டப்பாவையும் வைத்திருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கோ வகுப்பறை என்றாலே ஆகாது. தவளைப் படத்துக்கு அம்புக்குறி போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லிக்கொடுக்கவா நான் ஐந்து வருஷம் படித்தேன்? எனக்குக் காட்டுக்குள் போக வேண்டும். அங்கே வேலை பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். அந்த மலையில்தான் நரை அணில் இருக்கிறது. சாதாரண அணில் இல்லை, பூனையைவிட நீளமானது. வாலே ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும். மரத்து உச்சியில் இலையும் குச்சியும் வைத்துக் கூடு கட்டும். அதைப் பற்றி மூன்று வருஷம் ஆய்வு செய்யப்போவதாகவும், உதவியாளர் ஒருவர் தேவை என்றும் ஒரு கல்லூரிப் பேராசிரியை அறிவித்திருந்தார். விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில் மேடம் கேட்டதில் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. காட்டில் தனியாக நடக்கப் பயமிருக்கிறதா என்றார்.

பயமா, எனக்கா, காடு எனக்கு வீடு மாதிரி மேடம் என்றேன். (அதுவரை நான் பார்த்த காடு, அய்யனார் அருவிக்குப் போகும் பாதை. அதுவும் புளிசாதப் பொட்டலத்தோடு, பதினாலு சொந்தக்காரர்களுக்கு நடுவே.)

எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டுப் பேரும் சரணாலயத்து அடிவாரமான செண்பகத்தோப்பில் இரண்டு நாள் அணில் கணக்கெடுப்புக்கு வர வேண்டும், அங்கே எப்படி வேலை செய்கிறோம் என்று பார்த்து ஒருவரை எடுப்பார்கள். முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் மேடம் எல்லாம் விளக்கினார். கூடு எண்ணுவது எப்படி, குறிப்பது எப்படி, பேசாமல் நடப்பது எப்படி. கடைசியில், மாம்பழ சீசன் என்பதால் அடிவாரத் தோப்புகளுக்குக் கரடி வரும், கவலைப்பட வேண்டாம், கூட வனக்காவலர் ஒருவர் கம்போடு வருவார் என்றார்.

கம்போடு.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் கரடி வந்தது, கம்பு வந்தது, கம்பை வைத்திருந்தவர் என்னை விட்டுவிட்டு ஓடினார். பயமாக இருக்கிறது என்று மேடத்திடம் சொல்லவும் முடியாது. காடு வீடு மாதிரி என்று வாய்விட்டாயிற்று. சொன்னால் வேலை போய்விடும், வேலை போனால் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் விண்ணப்பத்தை எடுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பயத்தை நானேதான் சமாளித்தாக வேண்டும் என்று முடிவுசெய்து, இணையத்தில் தேடினேன்.

தேடியது தப்பு. அமெரிக்காவில் காட்டில் நடக்கப் போகிறவர்கள் கையில் எந்தச் சின்னத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், விலை கட்டுப்படியாகுமா என்பதை மணிக்கணக்கில் பேசும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தொப்பி போட்ட ஒருவர் மேஜையில் ஆறு துப்பாக்கிகளைப் பரப்பிவைத்து, நம் ஊர்ச் சந்தையில் கத்திரிக்காயைக் காம்பு பார்த்து எடுப்பதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நானும் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். எடை குறைவாக இருக்க வேண்டும், கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும். செமஸ்டருக்குக்கூட நான் அப்படிக் குறிப்பெடுத்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி தெரிந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். பட்டாளத்திலிருந்து திரும்பி, ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். அந்தத் துப்பாக்கியால் அவர் ஒருநாளும் சுட்டதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவரை நிறுத்த முடியாது. அம்மாவுக்குத் தெரியாமல் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் குடும்பத்தில் ஒருத்தி உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள் என்கிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"பாயிண்ட் டூ டூ துப்பாக்கியே போதும்ட்டி. ஒங் கைக்கு அதான் அடங்கும். ஆனா லைசென்ஸ் வேணும். நீ மனு எழுதிக் குடுத்து, அவுக விசாரிச்சு, பொறவு உனக்கு லைசென்ஸ் வாரதுக்குள்ள அந்தக் கரடி கெழடாயி செத்துப்போயிரும்."

கணக்கெடுப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆகவே லைசென்ஸ் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கி, அதிலும் கைத்துப்பாக்கி, என்று முடிவானது. நான் குண்டு எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்டேன். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. குண்டு என்பது பீரங்கிக்கு, சின்னதற்குள் போடுவது ரவை, தெரியாதவள் மாதிரிப் பேசினால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவான், ரவை என்று சொல்லிப் பழகு என்றார். பழகினேன். வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ரவை எத்தனை, ரவை எங்கே கிடைக்கும், ரவை நனைந்தால் என்ன ஆகும் என்று பேசிக்கொண்டே திரிந்தோம். அடுப்படியிலிருந்து அம்மா, யாருக்குடி உப்புமா என்று கேட்டதை நாங்கள் சட்டை செய்யவில்லை.

மதுரையில் ஒரு கடை. முன்னால் கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் தொங்கும், உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். கடைக்கார பாய் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று நல்லது, என் டியூஷன் காசுக்கு எட்டாது. ஒன்று மலிவு, ஆனால் நீல நிறத்தில் பொம்மை மாதிரி இருந்தது. மூன்றாவது யாரோ விற்றுவிட்டுப் போனது, கைப்பிடியில் கீறல், ஆனால் கன்னங்கரேலென்று, பார்த்தால் நிஜத் துப்பாக்கியேதான். எனக்கு அதுதான் பிடித்தது. பார்த்த மாத்திரத்தில் பயம் வர வேண்டுமே. (கரடிக்குத் துப்பாக்கி எது, சீப்பு எது என்று தெரியாது என்பது முதுகலைப் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை.)

எதற்கும்மா என்று கேட்டார் பாய். காட்டுக்கு என்றேன். அவர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது பொருட்காட்சியில பலூன் சுடுறதும்மா" என்றார். மாமா அவரிடம், எங்களுக்கு எல்லாம் தெரியும், ஒரு டப்பா ரவை கொடுங்கள் என்றார்.

மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தோம். பன்னிரண்டு முறை சுட்டேன். சிரட்டை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எதிர்வீட்டு மாடியில் படுத்திருந்த நாய் (எங்கள் ஊர் நாய்தான், வேட்டைக்குப் பேர்போன ஜாதி) தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் அவ்வளவுதான். எனக்கு உள்ளூர நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. மாமா மட்டும், கரடி சிரட்டையைவிடப் பெரிது, தப்பாது என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கு எம்.எஸ்சி.யில் ஒரு பாடம். சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் லைசென்ஸ் தேவைப்படாதது ஆயுதமே இல்லை என்று மாமா சொன்னார், நானும் நம்பினேன். நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டேன். இல்லாவிட்டால் எதற்காக அதைத் துண்டில் சுற்றி, துண்டை நைட்டியில் சுற்றி, பையின் அடியில் வைக்க வேண்டும்?

இந்தப் பரபரப்பில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. கணக்கெடுப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் கடைசி இரண்டு நாளும் செய்திகள் குவிந்திருந்தன. நான் மாடியில் சிரட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், திறந்தே பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிகாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேரும் வேனில் ஏறினோம். செண்பகத்தோப்பு சோதனைச் சாவடியில் இறங்கும்போது வெயில் வரவில்லை, மலை முழுக்க மஞ்சு மூட்டம். அழகாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை, பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் முன்சீட்டில் உட்கார்ந்து காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாவடி வாசலில் ஒரு வனவர், நல்ல மனிதர் முகம், கையில் ஒரு பட்டியலோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யாரையும் சோதிக்கவில்லை. பையைத் திறக்கச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டார், ஏதோ வாங்கிக்கொண்டார், உள்ளே விட்டார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பிவந்தது.

என் முறை வந்தது. வனவர் பட்டியலைப் பார்த்தார்.

"ராஜபாளையம் ராஜேஸ்வரியா? ரவை ஒங்கிட்டதான இருக்கு?"

இவருக்கு எப்படித் தெரியும்? மாமா யாரிடமாவது உளறிவிட்டாரா? கடைக்கார பாய் போன் போட்டுவிட்டாரா? பட்டியலிலேயே எழுதியிருக்கிறதா? பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன், உண்மை வந்துவிட்டது.

"இருக்கு சார்."

"எம்புட்டு?"

"ஒரு டப்பா சார். சின்ன டப்பா."

"சின்ன டப்பாவா?" அவருக்கு முகம் மாறியது. "எட்டுப் பேருக்கு எப்படிம்மா பத்தும்?"

"ஐயோ, எட்டுப் பேருக்கெல்லாம் இல்ல சார். சத்தியமா மனுசங்களுக்கு இல்ல. கரடிக்கு மட்டும்தான்."

வனவர் கையிலிருந்த பட்டியலைத் தாழ்த்தினார். பிறகு, மெதுவாக, பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "கரடிக்கு உப்புமாவாம்மா?"

அந்த ஒரு நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆமாம் சார் என்று சிரித்திருக்கலாம். மறந்துபோய் வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட, மறதிக்காரி என்று ஒரு பேச்சோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. நான் ஏற்கெனவே குனிந்து, பையைத் திறந்து, நைட்டியை விரித்து, துண்டை அவிழ்த்து, அந்தக் கன்னங்கரிய துப்பாக்கியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி, அதன்மேல் ரவை டப்பாவையும் வைத்து, கோயில் தட்டை நீட்டுவது மாதிரி அவரிடம் நீட்டிவிட்டேன்.

வனவர் இரண்டடி பின்னால் போனார். வேனில் ஏறும்போது எனக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்த பெண், கையிலிருந்த தக்காளிப் பையைக் கீழே போட்டுவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தர் கையில் தக்காளி, ஒருத்தர் கையில் வெங்காயம், ஒருத்தர் கையில் எண்ணெய்ப் பாட்டில். சாவடியில் காலைச் சமையல். குழுவில் வந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே, ரவை இரண்டு கிலோ.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. சாவடிக்குள் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்து, வெள்ளைத் தாள் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னார் வனவர். தற்காப்புக்காகக் கொண்டுவந்தேன் என்று எழுதினேன். யாரிடமிருந்து தற்காப்பு என்று மேலே கேட்பார்கள், தெளிவாக எழுது என்றார். கரடியிடமிருந்து என்று சேர்த்தேன். ஆயுதத்தை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்றார். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, நானே கொடுத்தேன் என்றேன். ஏன் கொடுத்தாய் என்றார். நீங்கள் ரவை கேட்டீர்கள் என்றேன். அவர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அரசாங்கக் கோப்பு ஒன்றில் இன்றும், காலை உப்புமாவுக்கு ரவை கேட்கப்பட்டபோது மேற்படி நபர் கைத்துப்பாக்கியை ஒப்படைத்தார் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு சந்திப்பிழைகளையும் அவரே திருத்தினார்.

கேட்டுக்கு வெளியிலேயே ஒப்படைத்துவிட்டதால் வழக்கு இல்லை, பில்லோடு பெரியவர்கள் யாராவது வந்து துப்பாக்கியையும் உன்னையும் வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். மாமாவுக்குப் போன் போட்டேன். மேடம் உள்ளே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. எனக்கே பயம்தான். அதனாலதான காவலர் இல்லாம உள்ள போறதில்ல."

நான் அழ ஆரம்பித்தேன்.

"கூட்டத்துல நீ எடுத்த குறிப்பப் பாத்துட்டு, ஒன்னயத்தான் எடுக்கணும்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு எழுந்து, என் தலையில் கையை வைத்துவிட்டு, வெளியே போனார்.

ஏழு பேரும் வரிசையாகக் காட்டுக்குள் போனார்கள், உப்புமா இல்லாமல், பிஸ்கட்டைத் தின்றுவிட்டு. முன்னால் வனக்காவலர் கம்போடு. போகிற போக்கில் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, சிரிப்பை அடக்க அதுதான் அவர்களுக்கு வழி. நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு சாவடிக்கு மேலேயிருந்த புளியமரத்தில் ஏதோ அசைந்தது. நரை அணில். வால் தொங்க, கிளையில் குந்தி, புளியங்காயை இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் நரை அணில். அதை எழுதிக்கொள்ள எனக்குத் தாளும் இல்லை, உரிமையும் இல்லை.

மாமா வங்கிச் சீருடையிலேயே வந்தார். வனவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பில்லைக் காட்டினார், கையெழுத்துப் போட்டார், துப்பாக்கியை வாங்கிப் பையில் வைத்தார். திரும்பிவரும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டார். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"குண்டுன்னே சொல்லிப் பழக்கியிருக்கணும்ட்டி."

அம்மா அன்றைக்கே மாமாவிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் உப்புமா கிண்டும்போதெல்லாம், "இது நமக்கா, கரடிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறாள். நான் கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். என் மாமியார் அம்மாவைவிட நன்றாகச் சொல்கிறார், நடிப்போடு.

மேடத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கணக்கெடுப்புக்கு விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. பவுடர் டப்பாவை எடுத்துவிட்டு பி.எட். விண்ணப்பத்தை நிரப்பினேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். தவளைக்கு அம்புக்குறி போடச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறார்கள், அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வருஷா வருஷம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்கு ஒருநாள் இயற்கை முகாமுக்கு அழைக்கிறார்கள். அதற்கான அறிவுரைத் தாள் எனக்குத்தான் வரும், நான்தான் வகுப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, சத்தம் கூடாது. ஏழாவதாக ஒரு வரி: துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி, பார்ப்பதற்குத் துப்பாக்கி போன்ற எந்தப் பொருளும் கொண்டுவர அனுமதி இல்லை. என் கூத்துக்கு முந்திய வருஷத் தாள்களில் அந்த வரி கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். இந்தக் காட்டுக்கு என் படிப்பு செய்த உதவி அந்த ஒரு வரிதான்.

போன வாரம் ஒரு பிள்ளை அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தது. "மிஸ், துப்பாக்கியெல்லாம் எவ மிஸ் கொண்டு வருவா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அடுத்ததை வாசி என்றேன். வாசித்து முடித்ததும் தாளின் கீழே, மாணவிகளுடன் காட்டுக்குள் செல்லும் ஆசிரியர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த வனவர் இன்னும் அதே சாவடியில்தான் இருக்கிறார். எல்லா வருஷமும் போலவே கணக்கு டீச்சரின் பெயரை எழுதினேன். அந்த டீச்சருக்கு அணிலுக்கும் கீரிப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது.